மண்டபத்தில் ஆள், போர்வைக்குள் குரல்

கல் மண்டபத்தில் நின்று நண்பர் பேசும் காட்சி. படம் பிடித்த அன்று காற்றிரைச்சல் பேச்சை விழுங்கிவிட்டது. பிறகு வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, அவர் தலையோடு ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, அதே வசனத்தை மறுபடி பேசவைத்தேன். உதட்டசைவு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. ஆனாலும் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் படத்தையும் குரலையும் சேர்த்து ஓடவிட்டால் ஆள் மண்டபத்தில் இருந்தார், குரல் போர்வைக்குள் இருந்தது.

விடுபட்டது மண்டபம்தான். வாயிலிருந்து கிளம்பும் ஒலியில் ஒரு பங்குதான் நேராகக் காதுக்கு வருகிறது. மீதி சுவர், தூண், தரை, கூரை என்று மோதி மோதி, ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் இழந்து திரும்புகிறது. ஒரே ஒரு திரும்பல், காது பிரித்தறியும் அளவு தாமதித்து வந்தால் அது எதிரொலி. ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கரைந்தால் எதிர்முழக்கம். எடிட்டிங் மென்பொருளில் அதைச் செயற்கையாகச் சேர்க்கும் கருவிக்குப் பெயர் ‘ரிவெர்ப்’. நம் ஊரில் இரண்டுமே ‘எக்கோ’தான். மைக்செட்காரரிடம் போய்த் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

ரிவெர்ப்பின் அமைப்புப் பெட்டியில் உள்ள ‘ப்ரீ-டிலே’, நேரடி ஒலிக்கும் முதல் திரும்பலுக்கும் இடையிலான நேரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சுவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 6 மீட்டர், அதாவது 17 மில்லிநொடி சொச்சம். 10 மீட்டர் என்றால் 58. இந்த எண்ணை ஏற்றினால் சுவர் தள்ளிப் போகிறது.

‘டிகே’ என்பது முழக்கம் அடங்க எடுக்கும் நேரம். இதற்குப் பின்னால் ஒரு மெத்தைக் கதை உண்டு. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அறையில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை நொடி மிதந்தது. அது அடங்குமுன் அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் ஏறின. சரிசெய்யும் வேலை வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. கையில் ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்று, ஒரு ஸ்டாப்வாட்ச், கேட்கத் தன் காது. அதே பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்குவார், குழாயை ஒலிக்கச் செய்து நிறுத்துவார், எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அளப்பார், விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். அறையின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற சூத்திரம் அப்படிக் கிடைத்தது. ஒலி 60 டெசிபல் (ஒலி அளவின் அலகு) இறங்கும் நேரம்தான் இன்றும் அளவுகோல். என் போர்வை செய்ததும் சாபினின் மெத்தை செய்த வேலைதான்.

கணினியில் இதை இரண்டு வழியாகச் செய்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் காட்டிய வழி: ஒலியைத் தாமதப்படுத்து, தணி, மறுபடி உள்ளேயே ஊட்டு. இப்படிப் பல சுற்றுகள். சுற்றுகளின் தாமதங்கள் ஒன்றின் மடங்காக இன்னொன்று அமைந்தால் பிரதிகள் ஒரே இடத்தில் குவிந்து, தகரத்தில் தட்டியதுபோல் ஒலிக்கும். அதனால் பொருந்தாத எண்களாகப் பார்த்து வைப்பார்கள். இரண்டாவதான ‘கன்வல்யூஷன்’ வழியில் உண்மையான இடத்தில் பலூனை உடைத்து, அங்கே எழும் முழக்கத்தைப் பதிவு செய்கிறார்கள். மென்பொருள் குரலைத் துளித்துளியாக எடுத்து, ஒவ்வொரு துளியையும் ஒரு குட்டி வெடிப்பாகக் கொண்டு, அந்த முழக்கத்தை அதன் அளவுக்குப் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுகிறது.

ஒரு சிக்கலில் மாட்டினேன். ரிவெர்ப்பைக் கிளிப்பின்மேல், அதாவது அந்த ஒரு ஒலித்துண்டின்மேல் போட்டால், பல மென்பொருள்களில் கிளிப் முடியும் இடத்தில் முழக்கமும் கத்தரித்ததுபோல் நிற்கும். துண்டுகள் வரிசையாக அமரும் டிராக்கின்மேல் போட வேண்டும், அல்லது கிளிப்பின் வாலில் கொஞ்சம் மௌனம் சேர்க்க வேண்டும்.

முழக்கம் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை ‘வெட்’ தீர்மானிக்கிறது. முதலில் தாராளமாக 60 சதவீதம் வைத்தேன். நண்பர் பழைய புராணப் படத்து அசரீரிபோல் பேசினார். இறக்கி இறக்கி 15க்கு வந்தபோது, குரல் போர்வையை விட்டு வெளியே வந்து தூணருகில் நின்றது.