கொதிக்கும் காற்றுக்குள் வியாழன்

எட்டு அங்குலத் தொலைநோக்கியில் நல்ல கேமராவைப் பொருத்தி வியாழனை ஒரே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஈரத்தில் கரைந்த சந்தனப் பொட்டு போல ஏதோ ஒன்று விழும். உடனே தொலைநோக்கியைத்தான் குறை சொல்லத் தோன்றும். குற்றவாளி காற்று.

வியாழன் பூமியை நெருங்கும்போதுகூட அதன் அகலம் முழுநிலவில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். அதன் ஒளி, வெவ்வேறு வெப்பநிலையில் புரளும் காற்றடுக்குகளைத் தாண்டி வரவேண்டும். தொலைநோக்கியின் எட்டு அங்குல ஆடியால் (ஒளியைத் திரட்டும் கண்ணாடியால்) வியாழனின் குறுக்கே எழுபதுக்கும் மேற்பட்ட கூறுகளைப் பிரித்துக் காட்ட முடியும். சாதாரண இரவில் காற்று அதை இருபது சொச்சமாக்கிவிடுகிறது. தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கும் கோளென்றால் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் கோள்கள் பெரும்பாலும் உச்சிக்கு அருகே ஏறுவது நமக்கு வாய்த்த வசதி.

காற்று எப்போதும் ஒரே அளவில் கலங்குவதில்லை. இடையிடையே, கண நேரம் தெளிந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் வீடியோ எடுக்கிறார்கள். இத்தகைய அதிர்ஷ்டக் கணம் வாய்க்கும் நிகழ்தகவை ஒளியியல் அறிஞர் டேவிட் ஃபிரைட் 1978-ல் கணக்கிட்டார். ஆடி பெரிதாகப் பெரிதாக வாய்ப்பு தலைகுப்புறச் சரிகிறது. சிறிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் மகிழலாம்.

நொடிக்கு நூறு பிரேம் வீதம் எடுத்ததை ‘ஆட்டோஸ்டாக்கர்ட்’ போன்ற மென்பொருள் கூர்மைப்படி வரிசைப்படுத்தி, தேறியவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. 900 பிரேம்களை அடுக்கினால், படத்தில் மணல் மணலாகத் தெரியும் இரைச்சல் முப்பதில் ஒரு பங்காகிவிடும். அதன் பிறகுதான் கூர்மையாக்கும் வேலை. இங்கே பலருக்கும் கை நீண்டுவிடுகிறது. விளிம்பில் இல்லாத வளையமெல்லாம் முளைக்கும்.

பிரேம் எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே என்று அரைமணி நேரம் எடுக்க முடியாது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. மூன்று நிமிடத்தில் அதன் நடுக்கோட்டு மேகங்கள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, படம் இழுபட்டுவிடும்.

ஆஸ்திரேலியாவின் ஆண்டனி வெஸ்லி 2009 ஜூலை 19 அன்று தம் வீட்டுத் தொலைநோக்கியில் இப்படிப் படமெடுத்தபோது, வியாழனின் தென்துருவத்தருகே புதிதாக ஒரு கரும்புள்ளி தெரிந்தது. ஏதோ ஒரு வான்பொருள் மோதிய வடு அது. அவர் சொன்ன பிறகுதான் ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அந்தப் பக்கம் பார்த்து உறுதிசெய்தது.