பழைய காரின் சீட்டை நீங்களே பிரிக்கப் போகிறீர்களா?

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் முதல் வேலையாகச் சீட் உறையைக் கத்தியால் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நாற்றமும் தூசியும் அப்படி, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கிழிந்த உறைதான் புது உறைக்கான அளவு. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. பத்மினி அதற்கும் வெகு முன்பே போய்விட்டது. அளவு கேட்க இனிக் கம்பெனியும் இல்லை. மூட்டை நிறையக் கந்தலோடு கடைக்கு வந்து, “இதைப் பார்த்துத் தைத்துக் கொடுங்கள் அண்ணே” என்று நிற்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மதுரையில் குஷன் வேலை செய்கிறவன் நான். வேலையை நீங்களே செய்யலாம் என்று ஊருக்குச் சொல்வது என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்வது என்று பக்கத்துக் கடைக்காரர் கடிந்துகொள்கிறார். இருக்கட்டும். பிரிப்பதும் அடிவேலையும் உங்களுடையது; தையலை மட்டும் கடையில் கொடுங்கள். ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. பிரிக்கும்போது அவசரப்படுகிறார்கள், தையலில்தான் ஆர்வம் காட்டுகிறார்கள்.

சீட்டைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். எதையும் தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு கையுறை, முகக்கவசம். பல காலம் ஷெட்டில் நின்ற வண்டியின் சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தாமல் இருந்தால்தான் அதிசயம். எலியின் சிறுநீர் கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரக்கூடும். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள். கிருமிநாசினி கலந்த நீரைத் தெளித்து, ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுங்கள். கம்பியில் ஈரம் நிற்காமல் உடனே வெயிலில் வையுங்கள், இல்லாவிட்டால் துரு.

உறையை ஸ்பிரிங் கம்பியோடு பிடித்து வைத்திருக்கும் சிறு வளையங்களைக் குறடால் ஒவ்வொன்றாகத் திறந்து எடுக்க வேண்டும். பொறுமை போகிற இடம் இதுதான். உறை முழுதாக வந்தபின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதுங்கள். எந்தப் பக்கம் முன்புறம் என்று அம்புக்குறி போடுங்கள். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டால் தைக்கும்போது அந்தக் கோடுகளை மறுபடி சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். அரை நூற்றாண்டாக ஆட்கள் உட்கார்ந்து இழுபட்ட உறை என்பதால் நடுத்துண்டு கொஞ்சம் பெரிதாகவே காட்டும். ஓரத் துண்டுகளின் அளவை நம்புங்கள், நடுத்துண்டை அதற்குத் தகுந்தபடி சரிசெய்யுங்கள்.

அடியில் ஸ்பிரிங், அதன்மேல் சணல் சாக்கு, பிறகு தேங்காய் நாரோ பஞ்சோ. பழைய சீட் என்றால் பெரும்பாலும் இதுதான் அடுக்கு. இன்று நாருக்குப் பதில் ஃபோம் போடுகிறோம், அதில் தவறில்லை. ஆனால் சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்பிரிங்மேல் நேராக ஃபோமை வைத்தால், வண்டி குலுங்கக் குலுங்கக் கம்பி அதை அறுத்துத் தூளாக்கிவிடும். சாக்கு மலிவு. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஃபோம் வாங்கும்போது கடைக்காரர் “நாற்பது டென்சிட்டி” என்பார். ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ என்பதுதான் அதன் கணக்கு. ஓரடி நீளம், ஓரடி அகலம், 4 அங்குலக் கனம் உள்ள துண்டைத் தராசில் வைத்தால் 375 கிராமை ஒட்டி வர வேண்டும். 250 கிராம்தான் வருகிறது என்றால் அது 26, 27 டென்சிட்டி, சீக்கிரமே குழிந்துவிடும். ஒன்றும் பேச வேண்டாம், தராசைக் கேளுங்கள், போதும். கனத்தையும் பழைய அளவிலேயே வையுங்கள். மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டு அங்குலம் கூட்டினால் ஓட்டுநரின் தலை கூரையில் இடிக்கும், கிளட்சுக்குக் கால் எட்டாது.

தையலை ஏன் கடையில் கொடுக்கச் சொல்கிறேன்? வீட்டுத் தையல் மெஷின் சட்டைத் துணிக்கானது. மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து தைத்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் கைவேலைக்கு ஈடு கிடையாது, ஆனால் அவர்கள் மெஷினிலும், பைப்பிங்கோடு (ஓரத்தில் வைத்துத் தைக்கும் உருண்டை விளிம்பு) சேர்ந்த நான்கு மடிப்பு ரெக்ஸின் நகராது. மேல்துணியையும் சேர்த்து இழுக்கும் பாதம் உள்ள கனத்த மெஷின் வேண்டும். தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலைத் தாள்போல ரெக்ஸின் அந்த வரிசையிலேயே கிழியும். 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி சரி. நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையிலும் வெயிலிலும் இற்றுவிடும்.

தைத்து வந்த உறையை மாட்டுவது மறுபடி உங்கள் வேலை. அதற்கு மதுரை வெயிலைப்போல உதவி வேறில்லை. அரை மணி நேரம் வெயிலில் போட்டால் ரெக்ஸின் இளகும். நடுவில் பிடித்து, எதிரெதிர் பக்கங்களாக மாற்றி மாற்றி இழுத்து, மூலைகளைக் கடைசியில் முடியுங்கள்.

பசை விஷயத்தில் மட்டும் அதே வெயில் பகை. குஷன் வேலைக்குப் போடும் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் வண்டியின் தரையிலேயே தங்கும். கதவைத் திறந்தால் எரிகிற உள்விளக்கின் சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். பேட்டரியைக் கழற்றச் சொன்னதற்கு இதுவும் காரணம். அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் ஒட்டாதீர்கள். காலையில், கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, பீடி சிகரெட் இல்லாமல் செய்யுங்கள். தலை கிறுகிறுத்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

கதவுப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அசிங்கமாக இருக்கிறதென்று பலர் கிழித்துவிடுகிறார்கள். மழைநீர் கண்ணாடியோடு கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. அந்தத் தாள் இல்லாவிட்டால் ஐப்பசி மழை முடிவதற்குள் கதவுப் பலகையின் புது ஹார்டுபோர்டு ஊதிவிடும். துளைகளில் அடைத்திருக்கும் மண்ணையும் அப்போதே ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

கூரைத் துணியைத் தொட வேண்டாம் என்பேன். பல பழைய வண்டிகளில் அதன் ஓரம் முன் கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் போகிறது. கண்ணாடியைக் கழற்றாமல் ஒழுங்காக வராது. உடைந்தால் மாற்றுக் கண்ணாடிக்கு ஊர் ஊராக அலைய வேண்டும்.

ரெக்ஸின் வாங்கும்போது அதே உருளையிலிருந்து ஒரு மீட்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு போய்க் கேட்டால், அதே எண் போட்ட உருளையிலும் நிறம் சற்று மாறியிருக்கும். மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும் என்பதால் சுருட்டியே வையுங்கள்.