தூக்கும் திறன் 1600 கிலோ இருக்கட்டும், முன்சக்கரம் தரையில் நிற்குமா?

சிப்பம் சுமக்க ஆள் கிடைக்காத காலம் இது. கிழங்கைப் பெரிய மரப்பெட்டியில் நிரப்பி, டிராக்டருக்குப் பின்னால் ஃபோர்க் (பெட்டிக்கு அடியில் நுழையும் இரும்புக் கைகள்) மாட்டித் தூக்கி, பக்கவாட்டில் கவிழ்த்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். "கேட்லாக்கில் 1600 கிலோ போட்டிருக்குதுங்க, பெட்டி ஒரு டன்தானே?" என்பது வழக்கமான கேள்வி. ஹைட்ராலிக் ஒருவேளை தூக்கிவிடும். டிராக்டர்தான் தாங்காது.

கணக்கைப் பாருங்கள். 1.2 மீட்டர் நீள அகலம், 1 மீட்டர் உயரமுள்ள பெட்டியில் உருளைக்கிழங்கு நிரப்பினால், பெட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 1000 கிலோ. நம்மூர் 45 எச்.பி. டிராக்டர் 2000 கிலோ, அதில் முன் ஆக்சிலில் 800 கிலோ, இரு ஆக்சில்களுக்கும் இடைவெளி 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் நடுப்பகுதி பின் ஆக்சிலிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும். அது மட்டுமே முன்பக்கத்தில் 790 கிலோவைக் குறைத்துவிடும். 300 கிலோ ஃபோர்க் இன்னும் 170 கிலோவைக் குறைக்கும். ஆக, முன்சக்கரம் அந்தரத்தில்தான்.

டிராக்டரின் சொந்த எடையில் 20 சதவீதமாவது, அதாவது இங்கே 400 கிலோ, முன் ஆக்சிலில் இருக்க வேண்டும். அதே பெட்டியை அரைப்பாகம் நிரப்பி 500 கிலோவாக்கினால், முன் ஆக்சிலுக்கு அறுபது சென்டிமீட்டர் முன்னால் 130 கிலோ வெயிட் மாட்டினால் கணக்கு சரியாகும். முழுப் பெட்டிக்கு 430 கிலோ வெயிட் வேண்டும். அந்த ஆசையை விட்டுவிடலாம். ஸ்டீயரிங் வெண்ணெயாய்ச் சுற்றினால் உடனே சுமையைத் தாழ்த்துங்கள்.

பக்கவாட்டில் குடை சாய்வது வேறு வகை. முன் ஆக்சில் நடுவிலுள்ள ஓர் இரும்பு முளையில் (பிவட் பின்) ஆடுவதால், அது ஸ்டாப்பரில் முட்டும்வரை பக்கவாட்டில் தாங்கல் தராது. கவிழ்க்கும்போது சரக்கு தாழ்ந்த பக்கம் சரிய, பாரமும் அந்தப் பக்கமே போகும். அதனால் சமதளத்தில் மட்டும், பின்டயர்களில் காற்று ஒரே அளவில். நகரும்போது தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்கக் கூடாது. உழவில் மண்ணின் இழுவைக்கேற்பத் தானே ஏற்றி இறக்கும் டிராஃப்ட் லீவரைத் தொடாமல், வைத்த உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவரில் தூக்குங்கள். ஃபோர்க்கைத் தாங்கும் கீழ்க்கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின்கள் இறுக்கமாக இருக்கட்டும்.

அதிகம் தப்பு நடப்பது பெட்டியைக் கவிழ்க்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில். டிப்பர் டிரெய்லரின் ஒற்றை ஹோஸ் லைனிலேயே கவிழ்க்கும் சிலிண்டரையும் மாட்டிவிடுகிறார்கள். டிரெய்லர் தொட்டி தன் எடையில் தானே இறங்கும், சிலிண்டர் அதை மேலே தள்ளிவிட்டால் போதும். பெட்டி அப்படியில்லை. சமநிலைப் புள்ளியைத் தாண்டியதும் அது தானே விழும். ஒற்றை ஹோஸால் பிடித்து நிறுத்த முடியாது. ஈர மண் ஒட்டிய கிழங்கு சிறிது நேரம் பெட்டியிலேயே நின்று, பிறகு ஒரே கொத்தாக இறங்கும். அந்த உலுக்கலில் வண்டியே ஆடும். சிலிண்டரின் இரு பக்கமும் எண்ணெய் தள்ளும் டபுள் ஆக்டிங் வால்வும், எண்ணெய் திரும்பும் லைனில் வேகம் குறைக்கும் வால்வும் கட்டாயம். பட்டறையில் கேட்டால் பொருத்தித் தருவார்கள். கேட்காமல் தருவது அரிது.

பெட்டியின் மேல்விளிம்பைப் பிடிக்கும் கிளாம்பைப் பூட்டாமல் கவிழ்த்தால், சரக்கோடு பெட்டியும் கழன்று விழும். ஃபோர்க் நுனி பெட்டியின் மறுமுனைவரை போயிருக்கிறதா, அடிச்சட்டம் உளுத்திருக்கிறதா என்று தூக்கும் முன்னரே குனிந்து பார்க்க வேண்டும். தூக்கிய பிறகு அடியில் யாரும் தலை நீட்டக் கூடாது.