ஊசிப்புல்லும் பாலைப்பழமும்: வன்னிக் கோடையில் ஈரத்தின் தடம்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி நிலத்துக்கு ஆண்டின் பெரும்பகுதி நீரைத் தருவது ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே. வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்று மழை கொண்டுவருவதில்லை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து மழையாகப் பொழிகின்ற அதே தென்மேல் காற்று, மேலெழுப்ப மலையில்லாத இந்தச் சமவெளியில், மண்ணிலும் இலையிலும் எஞ்சியிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு கடந்துபோகிறது. ஆகவே கோடையில் காட்டோரம் நடப்பவர், எந்த உயிர் ஈரத்தை எப்படிச் சமாளிக்கிறது என்ற கேள்வியோடு நடந்தால், காய்ந்த வெளியிலும் பார்ப்பதற்கு நிறைய உண்டு.

தரவை எனும் புல்வெளியில் நடந்து வீடு திரும்பியதும், உடுத்த சாரத்தின் கரையில் குத்திக்கொண்டிருக்கும் ஊசிப்புல் விதை ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வையுங்கள். அடிமுனை ஊசிபோலக் கூர்மையானது; அதைச் சுற்றிப் பின்னோக்கிச் சாய்ந்த மயிர்கள் இருக்கும். மேலே கபில நிறத்தில் நீண்ட வால் ஒன்று, கயிறு திரித்ததுபோல முறுகி, நடுவில் வளைந்து நிற்கும். அதன்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டால், முறுக்கு மெல்ல மெல்ல அவிழ, வளைந்த நுனி கடிகார முள்ளைப்போலச் சுழலத் தொடங்கும். காய்ந்ததும் மீண்டும் முறுகும்.

இந்த வாலில் உயிருள்ள கலம் எதுவுமில்லை. இறந்த கலங்களின் சுவரில் செல்லுலோசு இழைகள் சுருள் வடிவில் சுற்றப்பட்டிருக்கின்றன. நீரை உறிஞ்சிய சுவர் இழைகளின் திசையில் நீளாமல் குறுக்காகவே வீங்குவதால் கலம் திருகுகிறது, கலங்கள் சேர்ந்து வாலைத் திருப்புகின்றன. இரவுப் பனியில் அவிழ்வதும் நண்பகல் வெயிலில் முறுகுவதுமாக நாள்தோறும் இது நடக்கும்போது, வால் பக்கத்துப் புல்தாளில் தடுக்கிக்கொண்டால் சுழற்சி முழுவதும் கூர்முனைக்குப் போய்ச் சேரும். முனை மண்ணைத் துளைக்கும், பின்சாய்ந்த மயிர்கள் அதை வெளியே வரவிடா. இப்படித் தன்னையே விதைத்துக்கொள்ளும் விதை, மேலே புல்வெளி தீப்பற்றினாலும் மண்ணுக்குள் தப்பி மழைக்குக் காத்திருக்கும். ஆட்டின் தோலில் ஏறுவதும் இதே பொறிமுறையால்தான். கோடையில் நான் கண்டவற்றுள் இதைவிட வியப்பானது வேறில்லை.

அறுகின் வழி வேறு. அது கரியமிலவாயுவை இலையின் உட்கலங்களில் செறிவாகச் சேர்த்து வைப்பதால், இலைத்துளைகளை அதிகம் திறக்காமலேயே உணவு தயாரித்து நீரை மிச்சப்படுத்துகிறது.

மரங்களில் பாலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆழமான வேரும் தோல்போலத் தடித்த இலையும் இருப்பதால், மற்றவை வாடும் காலத்தில் அது பழுக்கிறது. உதட்டில் பால் ஒட்டும் அந்தச் சிறிய மஞ்சள் பழத்துக்கு மனிதரைப் போலவே கரடியும் காடெல்லாம் அலையும். விழுங்கிய விதைகளைக் கரடி தொலைவில் கழிக்க, மாரிமழை வரும்போது அவை தாய்மர நிழலுக்கு அப்பால் முளைக்கக் காத்திருக்கும். மினுங்கும் கபில விதைகள் நிறைந்த எச்சத்தையும் அடிமரத்தில் நகக்கீறலையும் கண்டால் உடனே திரும்பிவிடுங்கள். எதிர்பாராமல் ஆளைக் கண்டு திடுக்கிடும் கரடிதான் பாய்கிறது. கண்ணிவெடி அபாயப் பலகைகள் இன்னும் நிற்கும் மண் இது என்பதால், ஆட்கள் புழங்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு ஒருபோதும் விலகவும் கூடாது.

இரணைமடுவிலும் கட்டுக்கரைக்குளத்திலும் நீர் இறங்க இறங்க, மீன்கள் எஞ்சிய பள்ளங்களில் நெருக்குண்கின்றன. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து கலங்கல் நீரில் அளைந்துகொண்டே நடப்பதைக் கவனியுங்கள். அது மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகில் மீன் பட்டதும் சட்டென்று மூடுகிறது. ஆகவேதான் மீன் செறிந்த கோடை நீர் அதற்கு வாய்ப்பாகிறது. அதே சேற்று நீரில் உயிர்வாயு குறைந்தாலும் விரால் சாவதில்லை. மேலே வந்து காற்றையே சுவாசிக்கும்.

கார்த்திகைப்பூவை இப்போது தேடினால் கொடியும் இலையும்கூடக் கிடைக்காது. மாரியில் இலைநுனிகளால் வேலியைப் பற்றி ஏறிப் பூத்த அந்தக் கொடி முழுவதும் காய்ந்து உதிர்ந்துவிட்டது. சேர்த்த உணவும் நீரும் அதே வேலியடியில், கலப்பை வடிவக் கிழங்காக, மண்ணுக்குள் கிடக்கின்றன.