மார்பகப் புற்றுநோய்: மரபணு அறிக்கையை வாசிக்கும்போது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வரும் நம் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் அம்மா, பெரியம்மா, சித்தி என்று தாய்வழியை மட்டுமே சொல்கிறார்கள். அத்தைக்கு இளம் வயதிலேயே இந்நோய் வந்த செய்தி, தனியாகக் கேட்டால்தான் வெளிவருகிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் உள்ள, இந்நோயின் ஆபத்தைக் கூட்டும் கேடான மாற்றம் தந்தையிடமிருந்தும் பிள்ளைகளுக்குச் சேரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கான வாய்ப்பு 50 சதவீதம். மகளின் திருமணம் தடைபடுமோ என்ற அச்சத்தால் பல வீடுகளில் இதை மறைக்கிறார்கள். அந்த மகளுக்குத்தான் இத்தகவல் எல்லாரையும்விட அதிகம் தேவை.

அறிக்கை கைக்கு வந்ததும், அதிலுள்ள மாற்றம் பிறவியிலேயே வந்ததா, கட்டிக்குள் மட்டும் உருவானதா என்று முதலில் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதமே பரம்பரையாக வருபவை. கட்டிக்குள் உருவான மாற்றம் பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. ஆனால் அது நோயின் போக்கையும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதையும் அறிய உதவுகிறது.

அந்தப் போக்கும் மாறாத ஒன்றல்ல. ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதக் கட்டிகளில், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். ஒரு காலத்தில் நோய் விரைவாகப் பரவும் என்பதற்கான கெட்ட அறிகுறியாக இருந்த இதே மாற்றம், 1998இல் அமெரிக்காவில் ட்ராஸ்டுசுமாப் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு, குறிவைத்துச் சிகிச்சை தரக்கூடிய ஒன்றாக ஆயிற்று. ஆனால் மருந்து கைக்கு எட்டினால்தானே பயன்? நம் நாட்டில் அதன் விலைக்கு எதிராகப் போராடிய டொபேகா டாகி, அம்மருந்து தமக்குக் கிடைக்காமலேயே 2016இல் இறந்தார். அவரை நினைக்காமல் ஹெர்2 அறிக்கை எதையும் என்னால் விளக்க முடிவதில்லை.

பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்கள் பிழைப்பது அரிது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பிரிட்டனில் 40 வயதும் அதற்குக் கீழும் உள்ள நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், இம்மாற்றம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உயிர்வாழும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மீண்டும் வரும் ஆபத்து மிகுந்த தொடக்கநிலை நோயில், இம்மாற்றம் உள்ளவர்களுக்கு ஓராண்டு ஓலாபரிப் மாத்திரை பலனளிப்பதை 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. நோய் வரும் ஆபத்து வேறு, வந்த நோயின் போக்கு வேறு.

தென்னாப்பிரிக்காவில் வாழும் நாம் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். டச்சு வம்சாவளி வெள்ளையரான ஆப்பிரிக்கானர் குடும்பங்களில் மூதாதையர் வழியாகத் திரும்பத் திரும்ப வரும் சில மாற்றங்களை மட்டும் தேடும் பரிசோதனை, நம் குடும்பங்களுக்குப் போதாது. அதில் ஒன்றும் இல்லை என்று வந்ததை நம்பி நிம்மதியடையாமல், இரு மரபணுக்களையும் முழுமையாக வாசிக்கும் பரிசோதனையைக் கேளுங்கள். ஒப்பிடுவதற்கான தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியரிடமிருந்து திரட்டப்பட்டவை என்பதால், விளைவு இன்னதென்று உறுதியாகாத மாற்றம் என்ற முடிவு நம்மவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. அதை மட்டும் நம்பி மார்பகத்தை அகற்றும் முடிவுக்குப் போக வேண்டாம். இத்தகைய மாற்றங்களில் பல, பின்னாளில் தீங்கற்றவை என்று மறுவகைப்படுத்தப்படுகின்றன. ஆகவே அறிக்கையின் நகலைப் பத்திரப்படுத்தி, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மரபணு ஆலோசகரிடம் அதன் நிலையைக் கேட்டறியுங்கள்.