யூஎஸ்பி-சி துளையை மட்டும் நம்பி மானிட்டர் வாங்காதீர்கள்

சென்ற மாதம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குப் போயிருந்தேன். கணக்காய்வு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், இரண்டு புதிய மானிட்டர்களைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, "தம்பி, மடிக்கணினி பழுதாகிவிட்டது போலிருக்கிறது. இரண்டிலும் ஒரே கணக்குத்தான் தெரிகிறது" என்றார். மடிக்கணினியில் ஒரு பழுதும் இல்லை. கடைக்காரர் 20 வெள்ளிக்கு ஓர் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரை அவர் தலையில் கட்டியிருந்தார். ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பும், அவ்வளவுதான். ஒன்றில் பேரேடு, மற்றதில் மின்னஞ்சல் என்று வைத்துக்கொள்ள அது உதவாது.

வீட்டில் வேலை பார்ப்பவர்கள் பெருகிய பிறகு என்னைத் தேடி வரும் அழைப்புகளில் பாதி இந்த வகைதான். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: துளையின் வடிவத்தைப் பார்த்து அதன் திறமையை முடிவு செய்துவிடுகிறோம்.

யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கு வைத்த பெயர். ஒரே மடிக்கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துளைகளில், ஒன்று படத்தை வெளியே அனுப்பலாம், மற்றது கோப்பை மட்டும் கடத்தலாம். துளைக்கு அருகே மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட், அதாவது படமும் கோப்பும் போகும் அதிவேக இணைப்பு. 'டி' எழுத்துக்குள் 'பி' எழுத்தை நுழைத்தாற்போல் குறி இருந்தால் மானிட்டருக்குப் படம் அனுப்பும் டிஸ்பிளேபோர்ட் வசதி உண்டு. குறியே இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் மாடி மாடியாக ஏறி இறங்குவதைவிட எளிது.

கேபிளும் அப்படித்தான். கைப்பேசியோடு வந்த வெள்ளைக் கேபிள் மடிக்கணினிக்கு மின்சாரம் ஏற்றுகிறதே என்று அதையே மானிட்டருக்கும் செருகுகிறார்கள். அவற்றில் பல யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும் கொண்டவை. வேகம் நொடிக்கு 480 மெகாபிட். படம் போக அதற்குள் வழியே கிடையாது.

மேக்புக் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே எத்தனை திரை என்பதைத் துளைகளின் எண்ணிக்கை முடிவு செய்வதில்லை, உள்ளே இருக்கும் சில்லு முடிவு செய்கிறது. எம்1, எம்2 மேக்புக் ஏர் கணினிகளில் வெளித்திரை ஒன்றுதான். 2024இல் வந்த எம்3 ஏரில் மூடியைச் சாத்தினால் இரண்டு. 2025இன் எம்4 ஏரில் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. விண்டோஸில் ஒரு கேபிளிலிருந்து இரண்டு தனித்தனிப் படங்களைப் பிரிக்கும் எம்எஸ்டி முறை மேக்கில் எடுபடாது. அந்த வகை டாக்கை (ஒரு துளையிலிருந்து பல இணைப்புகளைத் தரும் பெட்டி) மேக்கில் செருகினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம் வரும்.

இதைத் தாண்ட, மென்பொருள் வழியே படத்தை அனுப்பும் டிஸ்பிளேலிங்க் டாக் இருக்கிறது. அந்த மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும், செயலிக்குக் கொஞ்சம் கூடுதல் சுமை, காப்புரிமைப் பூட்டுள்ள படங்களைப் பார்க்க முயன்றால் திரை கறுத்துவிடலாம். கணக்கு, கடிதம், இணையக் கூட்டம் இவற்றுக்குத் தாராளமாக வாங்கச் சொல்வேன். காணொளி தொகுப்பவர்களிடம் வேண்டாம் என்பேன்.

மானிட்டரில் படம் வந்தும் சுட்டி இழுபட்டுக்கொண்டே நகர்கிறதா? காட்சி அமைப்புகளில் புதுப்பிப்பு வீதத்தைப் பாருங்கள்; திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதே அது. மலிவான ஹப்கள் பலவும் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் தரும். 60 என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை வாங்குங்கள். நாள் முழுதும் 30இல் வேலை பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு வார்த்தை மின்சாரத்தைப் பற்றியும். டாக்கோடு வரும் மின் அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைத்ததில் அது இல்லாமல் போகலாம்.

உட்லண்ட்ஸ் அக்காவின் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை ஒன்றும், டிஸ்பிளேபோர்ட் குறியுள்ள யூஎஸ்பி-சி ஒன்றும் இருந்தன. ஒரு மானிட்டரை எச்டிஎம்ஐயில் நேராகச் செருகினேன். மற்றதற்கு என் பையிலிருந்த யூஎஸ்பி-சி டிஸ்பிளேபோர்ட் கேபிள். விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தி, திரையை நீட்டிக்கும் தெரிவைத் தட்டியதும் முடிந்தது. டாக்கே தேவைப்படவில்லை.

"இந்த ஸ்ப்ளிட்டரை என்ன செய்வது, தம்பி?" என்றார். அவர் போகும் கோயிலின் தொண்டூழியர்களிடம் கொடுக்கச் சொன்னேன். திருவிழாக் கூட்டத்துக்கு ஒரே பூசையை இரண்டு திரைகளில் காட்ட அது போதும்.