ஒரே டிராக்கில் கலந்த மூன்று கருவிகள்: 'ரிவால்வர்' மறுகலவை எப்படிச் சாத்தியமானது?

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'ரிவால்வர்' ஆல்பம் 1966 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் முதல் பாட்டு 'டாக்ஸ்மேன்'. பழைய ஸ்டீரியோ பதிப்பை ஹெட்போனில் கேட்டால் டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார் மூன்றும் இடது காதிலேயே அடைந்து கிடக்கும். 2022 அக்டோபரில் வந்த விரிவுபடுத்திய பதிப்பிலோ டிரம்ஸும் பேஸும் நடுவில் நின்று ஒலிக்கின்றன. புதிதாக யாரும் எதையும் வாசிக்கவில்லை. அதே பழைய டேப்தான்.

அப்படியானால் 56 வருடம் ஏன் யாரும் செய்யவில்லை? செய்ய வழியில்லை. அன்று அபே ரோடு ஸ்டுடியோவில் இருந்தவை நான்கு டிராக் டேப் இயந்திரங்கள், அதாவது ஒரே டேப்பில் நான்கு தனித்தனித் தடங்களை மட்டுமே பதியக்கூடியவை. இடம் போதாது என்பதால் மூன்று பேர் சேர்ந்து வாசித்ததை அப்படியே ஒரே டிராக்கில் பதிவு செய்துவிட்டார்கள். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். மூன்று கருவிகளின் அலைகள் ஒரே டிராக்கில் சேர்ந்தால் ஒவ்வொரு கணத்துக்கும் மிஞ்சுவது ஒரே ஒரு எண், அதாவது அவற்றின் கூட்டுத்தொகை. விடை 7 என்று மட்டும் தெரிந்தால் அது 3-ம் 4-மா, 5-ம் 2-மா என்று எப்படிச் சொல்வது?

ரீமாஸ்டர் செய்வதற்கு இது தடையே இல்லை. முடிந்த கலவையின் மொத்தத் தொனியையும் சத்தத்தையும் சரிசெய்வதுதான் அந்த வேலை. ரீமிக்ஸுக்குத்தான், அதாவது மறுகலவைக்குத்தான், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக வேண்டும். 2017-இல் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தை மறுகலவை செய்தபோது, டிராக்குகளைச் சுருக்கி நகலெடுப்பதற்கு முந்தைய முதல் தலைமுறை டேப்புகளுக்கே போய்த் தப்பித்தார்கள். 'டாக்ஸ்மேன்' விஷயத்தில் முதல் டேப்பிலேயே எல்லாம் கலந்துதான் இருக்கிறது.

கை கொடுத்தது, பீட்டில்ஸ் பற்றி ஆவணப்படம் எடுத்த இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் படக்குழு. 1969-இல் மோனோவில் (ஒரே ஒலித்தடத்தில்) பதிவான பீட்டில்ஸின் ஒத்திகை உரையாடல்களைக் கிட்டார் சத்தத்திலிருந்து பிரிக்க, எமில் டி லா ரே தலைமையில் அவர்கள் ஒரு மென்பொருளை உருவாக்கியிருந்தார்கள்.

இந்த வகை மென்பொருள் பொதுவாக ஒலியைப் படமாகப் பார்க்கும். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண், எங்கே ஆற்றல் அதிகமோ அங்கே வெளிச்சம். இந்தப் படத்தில் ஸ்னேர் டிரம்மின் அடி, பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் தொடும் செங்குத்துக் கோடாகத் தெரியும். கிட்டார் கம்பியின் ஒலி, அடிப்படை அதிர்வெண்ணும் அதன் மடங்குகளுமாக, அடுக்கடுக்கான கிடைக்கோடுகளாக நீளும். சிக்கல் கீழே இருக்கிறது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் கனமும் அதையொட்டிய பகுதியில்தான். அங்கே கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. வெறும் வடிகட்டியால் பிரிக்க முடியாது, ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும்.

இங்கேதான் பயிற்சி வருகிறது. தனித்தனிப் பதிவுகளை வேண்டுமென்றே கலந்து நரம்பியல் வலைப்பின்னலுக்குக் கொடுக்கிறார்கள். அது பிரித்துக் காட்டுகிறது. அசலோடு ஒப்பிட்டுப் பிழைக்கேற்பத் திருத்துகிறார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இந்த ஆற்றலில் எத்தனை பங்கு பேஸுக்கு, எத்தனை டிரம்ஸுக்கு என்று அது கணிக்கப் பழகுகிறது. ஆக, கிடைப்பது ஒரு நல்ல ஊகம். டேப்பில் மறைந்திருந்த அசலை மீட்டெடுத்தார்கள் என்று எழுதுவது கொஞ்சம் மிகை.

ஊகம் என்றால் பிழை கேட்காதா? பிரித்த பேஸை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டால் பெரும்பாலும் கேட்கும்: சிம்பலின் சிதறல், நீருக்கடியில் இருப்பதுபோல ஒரு குழைவு. ஆனால் 'ரிவால்வர்' கலவையாளர்கள் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெல்லும் செய்தது ரீமிக்ஸ். டிரம்ஸிலிருந்து தவறிப்போய் பேஸோடு ஒட்டிக்கொண்ட துளி, எல்லாம் மறுபடி சேரும்போது பெருமளவு தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. துண்டுகளை மாற்றாமல் கூட்டினால் கிட்டத்தட்ட பழைய டேப்பே வரும். சற்றே நகர்த்தினால் பிழையும் சற்றே வெளிப்படும். கலவையாளர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதில்தான் சாமர்த்தியம். 2023-இல் வெளியான பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' பாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. குழுவின் பாடகர் ஜான் லெனானின் குரலைப் பழைய கேசட்டிலிருந்து பிரித்துப் புது இசையோடு சேர்த்ததால், பழைய பியானோவின் மிச்சத்துக்கு ஒளிய இடமில்லை.

சரி, 2022-இன் விரிவுபடுத்திய பதிப்புப் பெட்டியில் வேறென்ன? 1966-இன் மோனோ கலவையும் இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவினர் அன்று அக்கறை காட்டியது அதில்தான், என் ஓட்டும் அதற்கே. ஒத்திகைப் பதிவுகளில் நான் முதலில் கேட்கச் சொல்வது, அதே நாட்களில் பதிவாகித் தனித்தட்டில் வந்த 'ரெயின்' பாட்டின் அசல் வேகப் பதிப்பு. இசையை வேகமாக வாசித்துப் பதிவு செய்து, பிறகு டேப்பை மெதுவாக ஓட்டியிருக்கிறார்கள். வேகம் குறைந்தால் எல்லா அதிர்வெண்களும் ஒரே விகிதத்தில் இறங்கும், சிம்பல் அடங்கும் நேரமும் நீளும். அந்தத் தூக்கக் கலக்கமான கனம் அதனால் வந்தது. அசல் வேகத்தில் டிரம்மர் ரிங்கோவின் கைகள் பறக்கின்றன.